தூங்காத கொடி: நாசிக் ஒயினும் புவிசார் குறியீடும்

நேயர்களுக்கு வணக்கம். ஒயின் என்றதும் வானொலியை அணைத்துவிடாதீர்கள். குடிப்பதைப் பற்றிப் பேச நான் வரவில்லை, திராட்சைக்கொடியைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் கோதாவரி பிறக்கும் திரியம்பகேசுவரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது நாசிக். ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். அந்த வட்டாரத்து ஒயினுக்கு 2010இல் ‘நாசிக் வேலி ஒயின்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு, அதாவது ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. அதைப் பதிவு செய்த அலுவலகம் நம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.

குறியீட்டைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் கொடி. பிரான்சில் குளிர்காலம் வந்தால் திராட்சைக்கொடி இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும், வசந்தத்தில் எழும். நாசிக்கில் அவ்வளவு குளிர் கிடையாது. கொடி தூங்காது. விட்டால் தழைத்துக்கொண்டே போகும், காய்ப்பு ஒரு சீராக வராது. அதனால் ஆண்டுக்கு இரண்டு கவாத்து, அதாவது இரண்டு முறை கிளை வெட்டுதல். ஏப்ரலில் வெட்டுவது பழத்துக்காக அல்ல, புதுக்கிளையின் கண்ணுக்குள், அதாவது முளைக்கும் மொட்டுக்குள், பூங்கொத்து உருவாகட்டும் என்பதற்காக. மழைக்காலம் முழுக்கக் கொடி வெறும் இலையோடு நிற்கும். மழையில் பழம் இருந்தால் நோய் தின்றுவிடும், அதுவும் ஒரு கணக்கு. மழை ஓய்ந்ததும் செப்டம்பர், அக்டோபரில் பழத்துக்கான கவாத்து. திராட்சை விளையும் கம்பம் பக்கத்து நேயர்களுக்குக் கவாத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டினால் மட்டும் போதாது. நுனிக் கண் முளைக்கும், கீழே உள்ளவை அப்படியே கிடக்கும். ஆகவே கையுறை மாட்டிய ஆட்கள், கண்ணை முளைக்கத் தூண்டும் ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தின் கரைசலில் துணியைத் தோய்த்து, ஒவ்வொரு கண்ணாகத் தடவிக்கொண்டே போவார்கள். ஒரு கொடி முடிந்து அடுத்த கொடி, ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை. கடுமையான மருந்து அது. அதைக் கையாண்டவர் அதையொட்டி மது அருந்தினால் உடம்பு தாங்காது. ஒயினுக்காகச் செய்கிற வேலையில் இப்படி ஒரு வேடிக்கை! கொடி தூங்கி எழுந்ததைப் போல எல்லாக் கண்ணும் ஒன்றாக முளைக்க இத்தனை பாடு. பிரான்சில் குளிர் சும்மா செய்துகொடுப்பதை இங்கே மனிதக் கை செய்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பகலில் வெயில், இரவில் குளிர்ச்சி. இனிப்பு ஏறும், புளிப்பும் தங்கும்.

என் ஆதங்கம் இதுதான். புவிசார் குறியீடு என்றால் மண்ணையும் தட்பவெப்பத்தையும்தான் பேசுகிறோம். கத்தரி பிடித்த கையை யாரும் பேசுவதில்லை. நாசிக்கின் தனித்தன்மையில் பாதி அந்தக் கைதான் என்பேன்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பிரான்சின் ஒயின் பெயர்ச் சட்டம் எந்தத் திராட்சை ரகம் நடலாம், எவ்வளவு விளைவிக்கலாம் என்பதுவரை கட்டுப்படுத்தும். நம் குறியீடு முக்கியமாகப் பெயரைக் காக்கிறது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2023இல் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கும் அதே விதிதான். செனின் பிளாங்க், ஷிராஸ் ரகங்களைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வணக்கம்.