பயணச் சட்டி

வணக்கம் நேயர்களே.

வைகாசி பிறந்துவிட்டது. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்ட கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் திருகோணமலையைக் கடந்து வெருகல் பக்கம் நடக்கிற காலம். நிலாவெளி, குச்சவெளிக் கரையில் கூடாரம் அடித்து இராத்தங்கப் போகிற பெடியங்களும் பைகளைத் தூக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு கூட்டமும் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: “பாரமில்லாத சட்டி எது?” அதற்கு முதல் நான் கேட்பது, அதிலே என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று.

வெளிநாட்டு மலையேறிகள் சட்டியைக் கிராம் கணக்கில் நிறுத்து வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்களில் பலர் தண்ணீர் கொதிக்க வைத்து, காய்ந்த உணவுப் பொதிக்குள் ஊற்றிச் சாப்பிட்டுவிடுவார்கள். தண்ணீர் சூடானால் தானாகவே மேலெழும்பிச் சுழலும். எந்த உலோகத்திலும் கொதிக்கும். நாங்கள் வைப்பது பருப்பு, சோறு, பால்கறி. தடித்த சாமான் அப்படிச் சுழலாது. நெருப்புப் பட்ட இடத்திலேயே சூடு நிற்கும். நடுவில் காஸ் அடுப்பின் வாய் அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம், ஓரத்தில் வேகாத அரிசி.

சூட்டைப் பரப்புவது உலோகத்தின் குணம். வெப்பங்கடத்தும் திறனை எண்ணில் சொன்னால், சுத்தமான அலுமினியத்துக்கு ஏறத்தாழ 237, சில்வர் என்று நாங்கள் சொல்கிற துருப்பிடிக்காத உருக்குக்கு 15 அளவில், டைட்டேனியத்துக்கு 20 சொச்சம். அலகை விடுங்கள், இடைவெளியைப் பாருங்கள். சட்டி செய்யும் அலுமினியத்தில் வேறு உலோகமும் கலப்பதால் அந்த 237 குறையும். குறைந்தாலும் சில்வர் கிட்ட வராது.

டைட்டேனியம் எங்களுக்கு அந்நியமில்லை. எங்கள் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டைக் கரையில் கிடக்கிற கறுத்த மணலில் இல்மனைற்றும் ரூட்டைலும் இருக்கின்றன. இரண்டுமே டைட்டேனியத் தாதுதான். உலகத்தில் தோண்டுகிற அந்தத் தாதுவில் பெரும்பகுதி வெள்ளைப் பெயின்ற் நிறமியாகப் போய்விடுகிறது, சிறு பங்குதான் உலோகமாகிறது. பலர் நினைப்பதற்கு மாறாக, அது அலுமினியத்தை விடப் பாரம். ஒரு கன சென்றிமீற்றர் டைட்டேனியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7. ஆனால் உறுதி அதிகம் என்பதால் மிக மெல்லிய தகடாக அடிக்கலாம், அதனால் சட்டி இலேசாகிறது. அந்த மெலிவே சமையலுக்கு வினை. பிளேன்ரீ போட அருமையான பாத்திரம். பருப்பு வைத்தால் அகப்பையைக் கீழே வைக்க விடாது. விலையும் சும்மா இல்லை.

மெல்லிய சில்வர் சட்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை. பாரமும் கூட, அடியும் பிடிக்கும். அடியில் அலுமினியத் தட்டு ஒட்டிய சில்வர் நன்றாகச் சமைக்கும், ஆனால் அது வீட்டு அடுப்புக்கு.

ஆக, எங்கள் சாப்பாட்டுக்கு அலுமினியம். விரலால் அமத்தினால் நெளியாத தடிப்பு இருக்கவேண்டும். ஒரு குறை உண்டு: புளி, தக்காளி, தேசிக்காய் பட்டால் வெறும் அலுமினியம் கரையும், மீன்குழம்பில் உலோக ருசி ஏறும். ‘ஹார்ட் அனோடைஸ்ட்’ என்று கருஞ்சாம்பல் நிறத்தில் வருவதை எடுத்தால் அந்தக் கரைச்சல் பெரும்பாலும் இல்லை. மின்சாரம் பாய்ச்சி மேற்பரப்பையே கடினமான ஒட்சைட்டுப் படையாக மாற்றியிருப்பார்கள். ஒட்டாத பூச்சுப் பூசியதும் கிடைக்கும். அந்தப் பூச்சு 260 பாகை செல்சியசுக்கு மேலே பழுதாகத் தொடங்கும்; வெறும் சட்டியைக் காஸில் வைத்துவிட்டு வெங்காயம் வெட்டப் போனால் அந்தச் சூடு வர அதிக நேரம் செல்லாது. சிரட்டை அகப்பையைக் கொண்டுபோங்கள், கரண்டி வேண்டாம்.

உயரமான ஒடுங்கிய பாத்திரத்தை விட, அகலமான கட்டைச் சட்டி சோற்றுக்கு நல்லது. ஆனால் அடுப்பு வாயை விட மிகவும் அகன்றால் ஓரம் பச்சையாகவே இருக்கும்.

அடுத்தது காற்று. கச்சான் காற்றுத் தொடங்கினால் எங்கள் கரையில் சுவாலை ஒரு பக்கமாகவே சாயும். எவ்வளவு நல்ல சட்டியென்றாலும் அரைச் சட்டிதான் வேகும். காற்று வருகிற பக்கம் மட்டும் ஒரு தகரத்தையோ கல்லையோ மறைப்பாக வையுங்கள். அடுப்பை நேரே தலையில் பூட்டுகிற சின்னக் காஸ் சிலிண்டர் என்றால் சுற்றிவர மூடவே கூடாது. சூடு உள்ளே அடைபட்டுச் சிலிண்டர் வெடிக்கலாம். இதை இரண்டு தரம் சொன்னாலும் தகும்: சுற்றிவர மூடாதீர்கள்.

பாதயாத்திரைக்காரருக்கு இந்தக் கவலை குறைவு. மூன்று கல் வைத்து விறகு எரித்து, தணல் விழுந்தபிறகு சட்டியை ஏற்றினால் சூடு அடி முழுக்கப் பரவிக்கிடக்கும். சாதாரண அலுமினியச் சட்டியே போதும். ஏற்றுமுன் வெளிப்பக்கம் சவர்க்காரம் பூசிவிட்டால் கரி இலேசாகக் கழுவுப்படும். உகந்தைக்கு அப்பால் குமண, யால காட்டு வழியில் தண்ணீரும் அரிசியும் முதுகில்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அந்தப் பாரத்துக்குப் பக்கத்தில் சட்டியில் நூறு கிராம் மிச்சம் பிடிப்பதற்குக் காசைக் கொட்டுவது எனக்கு விளங்குவதில்லை.

வாங்கிய சட்டியை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கோதுமை மாவை அடியில் மெல்லிசாகத் தூவி, சின்ன நெருப்பில் வையுங்கள். மா எங்கே முதலில் சிவக்கிறதோ அங்கேதான் கறி அடிப்பிடிக்கும். ஒட்டாத பூச்சு உள்ள சட்டிக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

சோற்றுக்கு இன்னொன்று. தண்ணீர் வற்றி மேலே குழி விழத் தொடங்கியதும் நெருப்பை அணைத்து, மூடியோடு சட்டியைத் துவாயால் சுற்றி ஒரு கால்மணி நேரம் வையுங்கள். உள்ளிருக்கும் ஆவியே மிச்சத்தை அவிக்கும், காஸும் மிச்சம். ஆகையால் வாங்கும்போது மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். தட்டாகவும் பாவிக்கக்கூடிய மூடி கிடைத்தால் தனிக் கோப்பை ஒன்று தூக்கத் தேவையில்லை.

நன்றி, வணக்கம்.