தையலில் பிறந்த அரூப ஓவியம்

அவையோர்க்கு வணக்கம்.

சோனியா டெலோனேயின் ஓவியங்களை விரிவாகப் பேசிவிட்டு, அவருடைய துணி வேலையை ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. நான் துணியிலிருந்தே தொடங்குகிறேன். உருவம் காட்டாத அவருடைய அரூபக் கலை முளைத்த இடம் அதுதான். அதிலுள்ள இசைக்கும் பிறகு வருகிறேன்.

1885-இல் பிறந்து, பீட்டர்ஸ்பர்க்கில் வளர்ந்து, பாரிஸில் குடியேறியவர் அவர். தொடக்கத்தில் பெரும்பாலும் மனித உருவங்களையே தீட்டினார். 1911-இல் கைக்குழந்தையான மகன் சார்லுக்கு, உக்ரைன் குடியானவர் வீடுகளில் கண்டதுபோல், துண்டுத் துணிகளை இணைத்து ஒரு போர்வை தைத்தார். அதில் உருவம் என்று எதுவுமே இல்லை. நிறங்கள் மட்டுமே உண்டு.

தூரிகை பிடித்தவர் இரண்டு நிறங்களை ஓரத்தில் குழைத்து நிழல் காட்டலாம். துணியில் அது நடக்காது. கத்தரித்த ஓரம் கத்தரித்த ஓரம்தான். ஆழமோ அசைவோ வேண்டுமென்றால், எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறத்தை வைக்கிறோம் என்பதிலிருந்தே வர வேண்டும். சோனியா, அவர் கணவரும் ஓவியருமான ரொபேர் டெலோனே ஆகிய இருவரின் ஓவியக் கொள்கை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

அந்தக் கொள்கைக்கு அடிப்படையான அறிவியலும் நெசவு நூலிலிருந்து வந்ததே! பாரிஸில் சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் கோப்லன் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் வேதியியலாளர் ஷெவ்ரல். கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று புகார் வந்தது. ஆராய்ந்தார், சாயத்தில் குறையில்லை, அருகிலிருந்த நீலம்தான் கறுப்பை மங்கச் செய்தது என்று கண்டார். 1839-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்.

இதில் இசை எங்கே வருகிறது? 1913-இல் பாரிஸ் இளைஞர்களை டாங்கோ நடனம் ஆட்டியது. புல்லியே நடன அரங்குக்குச் சோனியா தாமே வண்ணத் துண்டுகளால் தைத்த உடையில் போனார். அந்த அரங்கையே ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலத்தில் தீட்டினார், மெத்தை உறைத் துணியின்மேல்! ஆடும் இணைகள் அதில் வண்ண வளைவுகளாகக் கரைகிறார்கள். இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டுங்கள்: வளைவுகள் நெருங்கும் இடத்தில் தாளம் விரைகிறது, விலகும் இடத்தில் இழுத்து நிற்கிறது. பிற்காலத்தில் தம் ஓவியங்கள் பலவற்றுக்கு அவர் 'தாளம்' என்றே பெயரிட்டார். மகன் சார்லோ ஜாஸ் ஆய்வாளராகி, 1936-இல் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு முறையான பட்டியல் நூல் ஒன்றை வெளியிட்டார்.

போர்வையும் புல்லியே ஓவியமும் இன்று பாரிஸின் பாம்பிடூ மையத்துச் சேகரிப்பில்தான் இருக்கின்றன. 'கைவினை', 'ஓவியம்' என்று பிரித்துப் பேசாமல், இரண்டையும் ஒரே சுவரில் அருகருகே மாட்டிக் காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை.