வன்னிப் பவளப் பாம்பைத் தெரிஞ்சுகொள்ள வாலைப் பாருங்கோ

வணக்கம் உறவுகளே. ஒட்டுசுட்டான் பக்கம் வயல் கரையில நிக்கிறன். காத்து இரையுது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஒரு தம்பி படமொண்டு அனுப்பி, "அண்ணை, இது எட்டடி விரியன் குட்டியோ?" எண்டு கேட்டிருந்தவர். இல்லைத் தம்பி. விரியன் எண்டால் கறுத்த உடம்பில வெள்ளை வளையம் கிடக்கும். இது மண்ணிற உடம்பு, கறுத்தத் தலை. பவளப் பாம்பு.

பவளப் பாம்பு எண்டு இன்டர்நெட்டில தேடினீங்கள் எண்டால் சிவப்பு, மஞ்சள், கறுப்பு எண்டு வளையம் வளையமாய் ஒண்டு வரும். சிவப்போட மஞ்சள் முட்டினால் விஷம், கறுப்பு முட்டினால் விஷமில்லை எண்டு ஒரு கணக்கும் சொல்லுவினம். அது அமெரிக்காவில, புளோரிடாப் பக்கத்துப் பாம்புக்குச் சொன்னது. தென்னமெரிக்காவுக்குப் போனாலே அந்தக் கணக்குப் பிழைச்சுப்போகும். முல்லைத்தீவில நிண்டுகொண்டு அதை வைச்சுப் பாம்பு பிடிக்க வெளிக்கிடாதேங்கோ!

எங்கட பக்கத்துப் பாம்புக்கு மேல அப்பிடி ஒரு சோடனையும் இல்லை. பென்சிலை விட மெல்லிசு, நீளம் ஒரு அடி அளவுதான். தலையும் கழுத்தும் கறுப்பு, அதில மஞ்சள் பொட்டு. வாலில ரெண்டு கறுத்த வளையம் இருக்கும்: ஒண்டு வால் தொடங்குற இடத்தில, மற்றது நுனிக்குக் கிட்ட. பவள நிறம் முழுக்க வயித்துப் பக்கம். வாலுக்குக் கீழ மட்டும் சாம்பல் கலந்த நீலம்.

எனக்கு இதில பிடிச்ச விசயம் என்னெண்டால், தொந்தரவு குடுத்தால் இது படமெடுக்காது, சீறாது. உடம்பைச் சுருட்டி, வாலை மேல தூக்கி மடிச்சு, அந்த நீலத்தைக் காட்டும். தலை கீழ ஒளிஞ்சிருக்கும். கொத்த வாற பறவையோ மற்றதோ வாலைத் தலையெண்டு நினைச்சு ஏமாறட்டும் எண்ட யோசனை. நாங்களும் ஏமாறுவம். வால் ஆடுறதைப் பார்த்துக்கொண்டு நிண்டால் வாய் எந்தப் பக்கம் எண்டு தெரியாது.

பகலில காணுறது குறைவு. கல்லுக்குக் கீழ, உக்கின மரக்குத்தியில, சருகுக்குள்ள, இளகின மண்ணில கிடக்கும். இரவிலதான் வெளிக்கிடும். மாரி மழைக்கு மண் ஊறினால் சில நேரம் வளவுக்குள்ளயும் வரும். சாப்பாடு பெரும்பாலும் புழுப்பாம்பு. மண்புழு எண்டு நாங்கள் தள்ளிவிடுற அந்தக் கண்தெரியாத சின்னப் பாம்புதான். முட்டை போடுற இனம்.

இதைப் போலவே கறுத்தத் தலையோட விஷமில்லாத பாம்பொண்டும் எங்கட நாட்டில இருக்கு. அதின்ர வால் நீளமாய்க் கூராய் முடியும், ரெண்டு வளையம் இராது.

இனி விஷம். நாகம், எட்டடி விரியன் இருக்கிற அதே குடும்பம். முன்பல்லில விஷம், நரம்பைத் தாக்குற வகை. வாய் சின்னன், கடிச்ச சம்பவமும் அரிது. கடிபட்ட இடத்தில வீக்கமும் அரிப்பும் வந்ததாய்த்தான் பதிவு இருக்கு. அதுக்காகக் கையில தூக்கி வைச்சு வீடியோ எடுக்கிற பெடியளை எனக்குக் கண்ணில காட்டாதேங்கோ. ஏனெண்டால் ஆஸ்பத்திரியில ஏத்துற இந்திய விஷமுறிவு மருந்து நாகம், எட்டடி விரியன், புடையன், சுருட்டை எண்ட நாலுக்கும் செய்தது. இதுக்குச் செய்ததில்லை. மலேசியா, தாய்லாந்துப் பக்கம் இதின்ர சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கிறான், நீலக் கோடும் சிவப்புத் தலையும் வாலும். அவனுக்கு விஷச் சுரப்பி உடம்பு நீளத்தில கால்வாசிக்கு ஓடுது. அப்பிடிப்பட்ட பரம்பரை.

கடிச்சால் இறுக்கிக் கட்டாதேங்கோ, கீறாதேங்கோ, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. அமெரிக்கப் பவளப் பாம்புக் கடியில அறிகுறி மணித்தியாலக் கணக்காய்ப் பிந்தியும் வந்திருக்கு. நோ இல்லை எண்டு வீட்டில படுக்காதேங்கோ.

மம்பெட்டி பிடிக்கேக்க, விறகு தூக்கேக்க உதைக் கண்டால் அடிக்கவேண்டாம், தடியால தள்ளவும் வேண்டாம், தன்பாட்டில போகும். படம் அனுப்புறவை தூர நிண்டு வாலையும் சேர்த்து எடுங்கோ. தலையை மட்டும் அனுப்பினால் என்னால பிரிச்சுச் சொல்ல ஏலாது.