‘யாருடி சொன்னா?’

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிவிட்டு வந்த பத்து வயதுப் பெண், “அம்மா, நெஞ்சுல ஒரு பக்கம் கட்டி மாதிரி இருக்கு, தொட்டா வலிக்குது” என்கிறாள். ஒரு பக்கம் என்றதும் தாய்க்குப் பகீரென்கிறது. பயப்பட வேண்டாம். காம்புக்கு அடியில் காசளவு தடிப்பு என்றால், மார்பு வளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். 8 முதல் 13 வயதுக்குள் வரும். ஒரு பக்கம் முந்துவதும் சகஜம். இதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வந்துவிடும். உடலைப் பற்றி அவளிடம் பேசுவதற்கு உங்களுக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

நம் ஊரில் அந்த அவகாசத்தைப் பேசாமலே கழித்துவிட்டு, அப்புறம் மண்டபம் பிடித்து, பிளக்ஸ் வைத்து ஊருக்கே சொல்கிறோம். விஷயம் என்னவென்று அவளுக்குத்தான் யாரும் சொல்வதில்லை.

எதிரெதிரே உட்கார வைத்து, “உன்கிட்ட ஒண்ணு பேசணும்” என்று ஆரம்பித்தால் அவள் விறைத்துப் போவாள். தலை பின்னும்போது பேசுங்கள். உங்கள் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் உங்களுக்குத் தெரியாது. இருவருக்குமே கூச்சம் குறையும். ஐந்து நிமிடம் போதும். மிச்சம் அடுத்த வாரம்.

முதலில் பெயர்கள். ‘அந்த இடம்’ என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். சிறுநீர் வரும் துவாரம் வேறு, மாதவிடாய் வரும் யோனி வேறு, ஆசனவாய் வேறு என்று ஒரு தாளில் வரைந்தே காட்டலாம். அம்மாக்களில் பலருக்கே முதல் இரண்டும் ஒன்றென்ற எண்ணம் உண்டு.

அடுத்தது வெள்ளைப்படுதல். மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முன்பே ஜட்டியில் வழவழப்பாகப் படும். எலும்பு உருகுகிறது என்பதெல்லாம் கட்டுக்கதை. அரிப்பு, நாற்றம், பச்சை நிறம், தயிர்த் திப்பி போன்ற கசிவு இருந்தால் மட்டும் டாக்டரிடம் போக வேண்டும். பிறகு ஒரு நாப்கினைப் பிரித்து ஜட்டியில் ஒட்டிக் காட்டுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கொரு முறை மாற்ற வேண்டும். நாலு நாளில் போகும் ரத்தம், 10 மில்லி பிடிக்கும் இருமல் மருந்து மூடியில் அளந்தால் பெரும்பாலானோருக்கு மூன்று, நான்கு மூடிதான். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, 15 வயதாகியும் வரவில்லை என்றாலோ காத்திருக்காதீர்கள்.

இதுவரை எந்தத் தாயும் சமாளித்துவிடுவார். டிவி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு 13 வயதில் அவள், “காண்டம்னா என்னம்மா?” என்பாள். அங்கேதான் சறுக்குகிறோம். “யாருடி சொன்னா?” என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து தானாக வரும். உங்களுக்கு அது கேள்வி. அவளுக்கு அது போலீஸ் விசாரணை. அடுத்த சந்தேகம் தோழியிடமோ போனிடமோ போய்விடும். “நீ என்னன்னு நினைக்கிற?” என்று கேளுங்கள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது வந்துவிடும், யோசிக்க உங்களுக்கும் அரை நிமிடம் கிடைக்கும். பிறகு நேராகவே சொல்லலாம்: “உறவு வச்சுக்கறப்போ ஆண் போட்டுக்கற ரப்பர் உறை. கரு உண்டாகாம, நோய் தொத்தாம தடுக்கும்.” தெரியாததைக் கேட்டால், “தெரியல, நாளைக்குள்ள கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லி, மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

கரு எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லாமல் விடாதீர்கள். “முதல் தடவை ஒண்ணும் ஆகாது” என்று சொல்பவன் வருவான். ஆனால் முதல் தடவையிலேயே கரு உண்டாகலாம். விந்தணு உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடிருக்கும். மாதவிடாய் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டில் கருமுட்டை எப்போது வெளிப்படும் என்றே கணிக்க முடியாது. ஆகவே ‘பாதுகாப்பான நாள்’ கணக்கு இந்த வயதில் உதவாது. 18 வயது நிறையாத பெண்ணின் சம்மதம் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் சம்மதமே ஆகாது என்பதையும் அவள் அறிந்திருக்கட்டும்.

கடைசியாக, யாரோ அந்தரங்கப் படம் கேட்டு மிரட்டுகிறான் என்று ஒரு நாள் அழுதுகொண்டு வந்தால், போனைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்ல மாட்டாள். மெசேஜை அழிக்கவும் வேண்டாம், அதுதான் சாட்சி. யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். “சொன்னது நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுங்கள். இரவு எத்தனை மணியானாலும் எடுப்பார்கள்.