உப்புவெளியில் இருந்து ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்?

திருகோணமலை நேயர்களுக்கு வணக்கம்.

கனடாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் எங்கள் ஊர்ப் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பது, "ரொறன்ரோ எவ்வளவு தூரம், சேர்?" என்றுதான். புவியியல் படிப்பித்தவன் என்பதால் கேட்கிறார்கள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து மிகக் குறுகிய வழியில் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் அரபு நாடுகள் பக்கம் போகாது. இந்தியா, ரஷ்யா, வட நோர்வே, கிறீன்லாந்து என்று வடக்கே ஏறி இறங்கும். வகுப்பில் இதைக் காட்டினால் பின்வாங்குப் பிள்ளைகளும் எழும்பி வந்து பார்ப்பார்கள்.

ஆனால் நாங்கள் அந்த நூலின் வழியே போவதில்லை. உதாரணத்துக்கு, டுபாயில் விமானம் மாறுவதாக வைப்போம். அங்கே 3,300, அப்புறம் 11,100 கிலோமீட்டர். கூட்டினால் 14,400. சுற்றிப் போவதால் கூடுவது 400 கிலோமீட்டர்தான், அரை மணித்தியாலப் பறப்பு. ஆட்களைக் களைக்க வைப்பது வேறு.

திங்கள் மாலை 6 மணிக்கு உப்புவெளியில் வான் வண்டியில் ஏறுகிறீர்கள். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிக் கட்டுநாயக்க சேர நள்ளிரவு. விமானம் அதிகாலை 3.30க்கு. நாலரை மணித்தியாலத்தில் டுபாய். அங்கே இரண்டரை மணித்தியாலம் காத்திருப்பு, பிறகு 14 மணித்தியாலம் ஒரே இருக்கை. ரொறன்ரோவில் இறங்கும்போது அங்கே செவ்வாய் பிற்பகல் 2 மணி.

திங்கள் மாலை 6, செவ்வாய் பிற்பகல் 2. விரல் விட்டு எண்ணினால் 20 மணித்தியாலம். உண்மையில் போனது முப்பதரை! குளிர்காலத்தில் ரொறன்ரோ எங்களுக்குப் பத்தரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. அந்த முப்பதரையில் வானத்தில் பதினெட்டரை, மிச்சம் 12 தரையில்.

இந்தக் கணக்கில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது சீனி வருத்தம் உள்ள அம்மா அப்பாமாருக்காக. டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்த்துக் குளிசை எடுத்தால் ஒரு வேளைக் குளிசை தவறிவிடலாம். எந்த மணிக்கு எது என்று புறப்படும் முன்னரே வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். குளிசையும் இன்சுலினும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம். அந்த 14 மணித்தியாலத்தில் இடைக்கிடை எழும்பி நடவுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

பிள்ளைகள் கைபேசியில் நேரம் தானாக மாறும் என்பார்கள். சரி, அது மாறட்டும். கையில் கட்டிய மணிக்கூட்டை மட்டும் ரொறன்ரோ வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை திருகோணமலை நேரத்திலேயே விட்டுவிடுங்கள்.