பால் விலை வழக்குகள்: நெபியா முதல் வெஸ்ட் லின் வரை

அவையோர்க்கு என் வணக்கம். அமெரிக்காவில் பால் வணிகத்தின் மீது அரசுகள் விதித்த கட்டுப்பாடுகளையும், அவற்றை எதிர்த்து நடந்த வழக்குகளையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அரசு விலை வைக்கலாமா என்று கேட்பதோடு, அந்த விலையின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நீதிமன்றம் விடைதேடிப் பல ஆண்டுகள் உழன்றது.

1930களின் பெருமந்தத்தில் நியூயார்க் மாநிலத்துப் பால் உற்பத்தியாளர்கள் நிலைகுலைந்தனர். அம்மாநிலத்தின் வேளாண் வருவாயில் ஏறத்தாழப் பாதி பாலிலிருந்து வந்தது. 1932-இல் கொள்முதல் விலையோ உற்பத்திச் செலவுக்கும் மிகக் கீழே போய்விட்டது. விலை விழுந்தால் ஆலையைப் பூட்டி வைக்கலாம், கறவை மாட்டை என்ன செய்வது? குடிப்பதற்கு விற்றது போக மிஞ்சிய பால் பாலேடாகவும் வெண்ணெயாகவும் குறைந்த விலைக்குப் போகும். அந்த உபரியே பால் சந்தையில் புகுந்து, குடிக்கும் பாலின் விலையையும் கீழே இழுத்துவிடும். விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டிப் போராடிய 1933-ஆம் ஆண்டில், மாநிலச் சட்டமன்றம் பால் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றை அமைத்தது.

கடையில் ஒரு குவார்ட் பால், அதாவது ஏறக்குறைய ஒரு லிட்டர், 9 சென்டுக்குக் குறைந்து விற்கக்கூடாது என்று வாரியம் ஆணையிட்டது. ராச்செஸ்டர் நகரத்து மளிகைக்கடைக்காரர் நெபியா, இரண்டு குவார்ட் பாலையும் 5 சென்ட் ரொட்டி ஒன்றையும் சேர்த்து 18 சென்டுக்குக் கொடுத்தார். பாலுக்கு மட்டுமே 18 சென்ட் ஆகிறபடியால் அவர் விலையைக் குறைத்ததாகவே பொருள் என்று தண்டித்தனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது.

1877-இல் தானியக் கிடங்குகள் பற்றிய வழக்கில், பொதுநலன் தோய்ந்த தொழில்களின் கட்டணத்தை அரசு வரையறுக்கலாம் என்று நீதிமன்றம் ஏற்றிருந்தது. பிற்காலத்து நீதிபதிகள் அந்தத் தொழில்களைச் சிறியதொரு பட்டியலுக்குள் அடைத்து வைத்தனர். பால் அதில் இல்லை. 1934 மார்ச் 5 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், நீதிபதி ஓவன் ராபர்ட்ஸ் அந்தப் பட்டியலையே கலைத்தார். அப்படி மூடிய வகை எதுவும் கிடையாது, சட்டம் தன்மூப்பாக இல்லாமல் தன் நோக்கத்தோடு பொருந்தியிருந்தால் போதும் என்றார். மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி மெக்ரெனால்ட்ஸ், கையில் 9 சென்ட் இல்லாத குடும்பத்துக்கு, கடைக்காரர் குறைத்துக் கொடுக்க மனம் வைத்தாலும் பால் கிடைக்காதே என்று சுட்டினார். பெரும்பான்மைத் தீர்ப்பே சட்டப்படி சரியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆயினும் அந்த ஏழைக் குடும்பத்தைப் பற்றிய கேள்விக்கு அதில் நிறைவான விடை இல்லை.

அடுத்த ஆண்டே எல்லைச் சிக்கல் எழுந்தது. நியூயார்க் நகரப் பகுதியின் பாலில் சுமார் 30 விழுக்காடு வெளி மாநிலங்களிலிருந்து வந்தது. ஸீலிக் என்ற நிறுவனம் வெர்மான்ட் மாநிலத்தின் ஃபேர் ஹேவனில் மலிவாக வாங்கி வந்த பாலை விற்க, நியூயார்க் அரசு உரிமம் மறுத்தது. நியூயார்க் விவசாயிக்குத் தரவேண்டிய விலையையே வெர்மான்ட் விவசாயிக்கும் தந்திருக்க வேண்டும் என்றது. நீதிபதி கார்டோஸோ, அனைவரும் ஒருமித்த தீர்ப்பில் இதைச் செல்லாததாக்கினார். மூழ்கினாலும் நீந்தினாலும் மாநிலங்கள் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தில் அரசமைப்புச் சட்டம் எழுந்தது என்பது அவர் வாதத்தின் சாரம்.

1936-இல் நியூயார்க் பால் சட்டத்தைப் பற்றி ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. விளம்பரத்தால் பெயர் பெறாத சிறு பால் வணிகர்கள் கடைகளுக்கு ஒரு சென்ட் குறைத்து விற்கலாம் என்ற சலுகை நிலைத்தது. 1933 ஏப்ரல் 10-க்குப் பின் தொழிலில் நுழைந்தவர்களுக்கு அச்சலுகை கிடையாது என்ற விதியோ வீழ்ந்தது. முன்னரே இருந்தவர்களுக்கு வேலி கட்டிக் கொடுக்கும் அவ்விதி வீழ்ந்தது நியாயமே. 1937-இல் நடுவண் அரசே சட்டமியற்றிப் பால் விலை ஆணைகளைப் பிறப்பித்தது; நியூயார்க் பகுதிக்கான ஆணையை 1939-இல் நீதிமன்றம் ஏற்றது.

மாநில எல்லை பற்றிய இந்தச் சிக்கல் 1994-இல் வெஸ்ட் லின் என்ற பால் நிறுவனத்தின் வழக்கில் வேறு உருவில் வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் அங்கே விற்கும் பால் முழுவதற்கும் முகவர்களிடம் தொகை வசூலித்தது; அந்தப் பாலில் பெரும்பகுதி வெளி மாநிலத்துப் பால். திரண்ட பணத்தை உள்ளூர் விவசாயிகளுக்கு மட்டும் பகிர்ந்தது. வரியும் குற்றமற்றது, மானியமும் குற்றமற்றது என்று மாநிலம் வாதாடியது. இரண்டையும் இணைத்துப் பார்த்த நீதிபதி ஸ்டீவன்ஸ், வெளியூர்ப் பாலுக்கு விதித்த சுங்கத்துக்கு இது ஒப்பாகும் என்று கண்டு, 1935-ஆம் ஆண்டின் ஸீலிக் தீர்ப்பைச் சான்றாக வைத்து அந்த ஆணையைச் செல்லாததாக்கினார்.