சைக்கிள் மிதித்த அண்ணனை எங்கே விட்டீர்கள்?

நடுவர் அவர்களே, வாசிகசாலை முற்றத்தில் பாய் விரித்து இருக்கும் அம்மாமாரே, அப்பாமாரே, பின்னுக்குச் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் தம்பிமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

ஏழை வீட்டுப் பிள்ளை ஒருத்தி உலக மேடை ஏறுவதற்குப் பெரிதும் காரணம் அவளுடைய விடாமுயற்சியா, அவளைத் தாங்கிய கைகளா? இதுதான் இன்றைய தலைப்பு. தாங்கிய கைகளே என்று சொல்ல வந்திருக்கிறேன். அணி பிரித்தபோது எனக்குக் கிடைத்த பக்கம் என்பதற்காகச் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தங்கை, பிரேசில் நாட்டு ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ரெபேக்கா ஆண்ட்ராடேயின் கதையை வடிவாகச் சொன்னார். எட்டுப் பிள்ளைகளையும் தனியாளாக, வீட்டு வேலைக்குப் போய் வளர்த்த தாய், மூன்று தடவை அறுந்த முழங்கால் சவ்வு, அத்தனைக்கும் பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் பேர்போன வீராங்கனை சிமோன் பைல்ஸையே 0.033 புள்ளியால் முந்தி, தரைப் பயிற்சியில் தங்கம். "அந்த மேடையில் அவள் தனியாகத்தானே நின்றாள்?" என்று தங்கை கேட்டதும் நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன். ஆனால் அந்தக் கதையிலே தங்கை விட்டுவிட்ட ஆட்கள் கொஞ்சநஞ்சம் இல்லை, நடுவர் அவர்களே. அவர்களைக் கூப்பிட்டு இந்த மேடையில் நிறுத்தப் போகிறேன்.

முதல் ஆள், ரெபேக்காவின் சித்தியோ பெரியம்மாவோ, அப்படி ஒரு உறவுக்காரி. சாவோ பாவுலோவுக்குப் பக்கத்தில் குவாருல்யோஸ் என்று ஒரு நகரம், ரெபேக்கா 1999இல் பிறந்த ஊர். அங்கே நகரசபை நடத்திய பயிற்சிக்கூடத்தில் அந்த அம்மாவுக்கு வேலை கிடைக்கிறது. வீட்டில் சும்மா நிற்க மாட்டாமல் துள்ளித் திரிந்த நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறார். அங்கே இருந்த பயிற்றுநர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில், இது சாதாரணப் பிள்ளை இல்லை என்று கண்டுகொண்டார். சரி, கேட்கிறேன்: நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன விடாமுயற்சி? சபை அந்தக் கூடத்தை நடத்தாமல் விட்டிருந்தால் அவள் கட்டிலில் துள்ளியிருப்பாள், அடி வாங்கியிருப்பாள், அதோடு கதை முடிந்திருக்கும்.

இனி அண்ணன். இவரைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. தாய் ரோசா வேலைக்கு நடந்தே போய், மிச்சம் பிடித்த காசில்தான் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பினார். அந்தக் காசும் இல்லாத நாட்களில் அண்ணன் எமர்சன் தங்கையைக் கூட்டிக்கொண்டு நடந்தார், ஏறத்தாழ இரண்டு மணித்தியால நடை. இரண்டு மணித்தியாலம் என்றால் எவ்வளவு என்று விளங்க வேண்டுமென்றால், சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாண ரவுனுக்கு, காங்கேசன்துறை வீதியால், ஒரு சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். அப்புறம் அந்தப் பெடியன் பழைய இரும்புக் கடையில் கிடந்த ஒரு சைக்கிளைத் தேடி எடுத்து, அதிலே தங்கையை ஏற்றிக்கொண்டு போனான். அவனும் அப்போது பெடியன்தான். அவனுக்கும் விளையாட ஆசை இருந்திருக்கும், அவனுக்கும் கால் வலித்திருக்கும். அவன் பெயர் எந்தப் புள்ளிப் பலகையிலாவது வந்ததா?

எதிரணியில் இன்னொரு நண்பர் நம் நாட்டுச் சுசந்திகா ஜயசிங்கவை எடுத்துக் காட்டினார். கஷ்டப்பட்ட குடும்பத்தில் பிறந்து 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரில் பதக்கம் எடுத்தவர், நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஓட்டம் வேறு, ஜிம்னாஸ்டிக் வேறு. ஓடுவதற்கு முதலில் ஒரு வெளி போதும், வயல் வரம்பிலும் ஓடிப் பழகலாம். ஜிம்னாஸ்டிக்கைத் தனியாகப் பழக முடியுமா? சமநிலைக் கட்டையின் அகலம் வெறும் 10 சென்றிமீற்றர், என் உள்ளங்கை அளவு. நிலத்தில் இருந்து அதன் உயரம் 125 சென்றிமீற்றர். அதன் மேலே நின்று பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். ஒரு பிள்ளை இதை எப்படிப் பழகுகிறது என்று வீடியோவில் என்றாலும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். பயிற்றுநரின் ஒரு கை பிள்ளையின் முதுகுக்குக் கீழே, மற்றக் கை தொடைக்குப் பின்னே. பிள்ளை அந்தரத்தில் தலைகீழாக நிற்கும் அந்த அரைச் செக்கனில் அவளுடைய முழுப் பாரமும் அந்த இரண்டு கைகளில்தான். இப்படி நூற்றுக்கணக்கான தடவை தாங்கிய பிறகுதான் ஒரு நாள் அந்தக் கை மெல்ல விலகும். தாங்கிய கைகள் என்று தலைப்பில் போட்டிருக்கிறார்களே, இந்த விளையாட்டில் அது உவமையே இல்லை, நடுவர் அவர்களே. கை தாங்காவிட்டால் கழுத்து முறியும்!

இந்தியாவில் தீபா கர்மாகர், திரிபுரா மாநிலத்து அகர்தலாப் பிள்ளை. தட்டைப் பாதம், இந்த விளையாட்டுக்கு அது பெரிய குறை. பயிற்றுநர் விஸ்வேஸ்வர் நந்தி பயிற்சி கொடுத்துக் கொடுத்தே அந்தப் பாதத்தைப் பதப்படுத்தினார். பாய்ந்து பழக ஒழுங்கான சாமான் இல்லை, பழைய ஸ்கூட்டரின் பாகங்களை வைத்துச் செய்து கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைதான் 2016 ரியோ ஒலிம்பிக்கில், உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே துணிந்த புரொடுனோவா என்ற பாய்ச்சலைச் செய்து, 0.15 புள்ளியால் வெண்கலத்தைத் தவறவிட்டு நாலாம் இடத்துக்கு வந்தாள். துணிவு அவளுடையது, நான் மறுக்கவில்லை. ஆனால் தகரத்தையும் இரும்பையும் பொறுக்கி வந்து அந்தத் துணிவுக்கு ஒரு தளம் போட்டுக் கொடுத்தது யார்?

சரி, ரெபேக்காவின் முழங்காலுக்கு வருவோம், எதிரணி பெரிதாக நம்பி நிற்பது அதைத்தான். 2015, 2017, 2019, மூன்று தடவையும் அதே வலது முழங்கால். மூன்று தடவையும் எழுந்தது ரெபேக்காதான். ஆனால் சவ்வு அறுந்தால் சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காலை மடக்கி நீட்டப் பழக்கும் ஆட்கள், அதுவரைக்கும் சாப்பாடு, தங்க இடம், இதெல்லாம் வேண்டும். அவளுக்கு ரியோவின் ஃபிளமெங்கோ கழகம் இருந்தது, விட்டுப் போகாத பயிற்றுநர் இருந்தார், சிறு வயதிலிருந்தே கூட நின்ற உளவியலாளர் இருந்தார். மனநலத்துக்குக் கிடைத்த அந்தத் துணையைப் பற்றி அவளே வெளிப்படையாகப் பேசுகிறாள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், ஓடிவந்து மேசையில் கையூன்றிப் பாயும் வால்ட்டில் தங்கமும் எல்லாப் பிரிவும் சேர்ந்த போட்டியில் வெள்ளியும் எடுத்த அந்தக் கால், இத்தனை பேர் சேர்ந்து நிமிர்த்திய கால். எங்கள் ஊரில் கரப்பந்து விளையாடி ஒரே ஒரு தடவை சவ்வு அறுந்து, அதோடு நொண்டிக்கொண்டு கடைக்குப் போய்வரும் எத்தனை பெடியனை நான் காட்டட்டும்? அவர்களுக்கு விடாமுயற்சி இல்லை என்று எதிரணி இந்த மேடையில் நின்று சொல்லுமா?

நம் மண்ணிலும் பாருங்கள். கோலூன்றிப் பாய்தலில் இலங்கைச் சாதனையை முறியடித்த அனித்தா ஜெகதீஸ்வரன் தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பிள்ளை. கோல், மெத்தை, பழக்க ஓர் ஆள், இந்த மூன்றும் இல்லாமல் அந்த விளையாட்டைக் கனவில்கூடத் தொட முடியாது. டோக்கியோவில் நம் நாட்டில் இருந்து முதன்முதலாக ஜிம்னாஸ்டிக்கில் ஒலிம்பிக் போன பிள்ளை மில்கா கெஹானி. வடக்கில் இருந்து ஒரு மில்கா ஏன் இன்னும் வரவில்லை? நம் பிள்ளைகளுக்கு உடம்பு வளையாதா?

வளையும். என் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை, ஏழு எட்டு வயது. தகப்பன் இல்லை, தாய் தோட்டத்தில் வெங்காயம் கிண்டக் கூலிக்குப் போகிறவர். பின்னேரத்தில் கோயில் வீதி மணலில் அந்தப் பிள்ளை அடிக்கும் கரணம் இருக்கிறதே, ஒன்று, இரண்டு, மூன்று என்று தேர்முட்டியில் தொடங்கிக் கேணியடி வரைக்கும் நிற்காமல் போகும். கடைசியில் இரண்டு காலும் சேர்ந்து பொத்தென்று மணலில் குத்தி நிற்கும், ஒரு அடி அசையாது. சட்டையைத் தட்டிவிட்டு, பாவாடைக்குள் சொருகிய பின்னலை இழுத்து எடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்ப்பாள். ரவுனில் ஒரு மாஸ்டர் மண்டபத்தில் மெத்தை போட்டுக் காசு வாங்காமல் பிள்ளைகளைப் பழக்குகிறார் என்று யாரோ சொல்லி, தாயும் இரண்டு கிழமை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு மேல் கூலியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. பிறகு புலமைப்பரிசில் ரியூசன் வந்தது, பெரிய பிள்ளையானாள், கரணம் நின்றுவிட்டது. இப்போது சந்தியில் ஒரு தையல் கடையில் இருக்கிறாள், போன கிழமைகூட என் மகளின் சட்டையைத் தைத்துத் தந்தாள்.

மணி அடிக்கிறார்கள், முடிக்கிறேன். அந்த இரண்டு கிழமை முடிந்த நேரம், "அண்ணை, நீங்கள் ரவுனுக்குத்தானே ஒவ்வொரு நாளும் போறியள்?" என்று அந்தத் தாய் என்னிடம் ஒரு தடவை கேட்டார். எமர்சன் பழைய இரும்புக்குள் சைக்கிள் தேடினான். என் வீட்டு வாசலில் புது மோட்டார்சைக்கிள் நின்றது. பார்க்கிறேன் என்று சொன்னேன், நடுவர் அவர்களே, பார்க்கவில்லை.